ஊரோடு சேர்த்து எழுதுங்கள்

(சிவகாசியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆபீசிலும் வேலை முடித்துக் கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, அச்சகத் தோழர்களே, திருநங்கைச் சகோதரிகளே, திருநம்பித் தம்பிகளே, எந்தப் பெயராலும் தங்களை யாரும் கூப்பிட வேண்டாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களே!

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். தன் வாழ்க்கையைத் தானே எழுதுவது. அதிலும் ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், பிறந்தபோது ஊர் சொன்ன பாலினத்தில் நிற்க முடியாமல் தன் பாலினத்துக்கு வந்து சேர்ந்தவர், பால்புதுமையர் என்று இன்று சொல்கிறோமே அந்த நாங்கள், எங்கள் வாழ்க்கையை எப்படி உண்மையாக எழுதுவது? நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆணை நேசிக்கிற ஆண். இந்தக் கரிசல் மண்ணில் பிறந்து, இந்த ஊர் அச்சகங்களில் வேலை பார்த்து, இங்கேயே தலை நரைத்தவன்.

வெடிமருந்தை எழுத்துக்கு உவமை சொல்வேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். சொல்ல மாட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு வெடி ஒரு உவமை. நமக்கு அது அப்படியல்ல. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கருகிப்போனார்கள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். அதை எடுத்து என் பேச்சுக்கு அலங்காரம் செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு தொழில் இருக்கிறது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த அச்சு, பிறகு காலண்டர் அடித்தது, நோட்டு அடித்தது, டைரி அடித்தது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் போடுகிறோம். நாடெங்கும் மேஜைகளில் கிடக்கும் டைரிகளில் எத்தனையோ நம் ஊர்க் கைகள் அடுக்கியவை, தைத்தவை, பைண்டு போட்டவை. இத்தனை வெற்றுப் பக்கங்களை ஊருக்கெல்லாம் அனுப்பினோமே, நம் கதையை எந்தப் பக்கத்தில் எழுதினோம்? அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வந்தேன்.

எழுதும் பழக்கம் நம் மண்ணுக்குப் புதிதா? இல்லவே இல்லை. இங்கிருந்து மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு பெண் தன் ஆசையை, தன் உடலின் தவிப்பைத் தன் குரலிலேயே பாடினாள். நாச்சியார் திருமொழி 143 பாட்டு. தொடக்கமே மன்மதனிடம் விண்ணப்பம். ஊர் என்ன நினைக்கும் என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. பிறகு நாம் என்ன செய்தோம்? மார்கழி முப்பது நாளும் அவளுடைய திருப்பாவையை ஒலிபெருக்கியில் போட்டோம். கல்யாண வீட்டில் நாச்சியார் திருமொழியிலிருந்து வாரணமாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மீதியைக் கூச்சத்தோடு மூடிவைத்தோம். அவளை வளர்த்த பெரியாழ்வாரோ, யசோதையாக மாறிக் கண்ணனைத் தாலாட்டினார். மார்பில் பால் சுரக்கும் தாயாக ஓர் ஆண் பாடுவது நம் கோயில்களில் இன்றும் சேவிக்கப்படுகிறது. இவர்களை இன்றைய அடையாளங்களுக்குள் கொண்டுவந்து நிறுத்தும் எண்ணம் எனக்கில்லை. தன் நெஞ்சில் இருப்பதைத் தன்மையில் சொல்லும் துணிவு இந்த மாவட்டத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டி. 1992-இல் அந்த ஊர்ப் பெண் ஒருவர் துறவற மடத்தை விட்டு வெளியே வந்தார். வேலை இல்லை, கையில் காசில்லை, எதிர்காலம் என்னவென்று தெரியவில்லை. அந்த நிலையில் உட்கார்ந்து எழுதினார். அதுதான் பாமாவின் 'கருக்கு'. அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முதலில் வருவது அவருடைய துயரம் அல்ல. ஊர் வருகிறது. மலை வருகிறது, குளம் வருகிறது, தெரு வருகிறது, தெருவில் ஒவ்வொருவருக்கும் இருந்த பட்டப்பெயர் வருகிறது, என்ன வேலை செய்தார்கள், என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் வருகிறது. அந்த ஊரோடு சேர்த்துத்தான் சாதியின் அடி நம்மீது விழுகிறது. பேச்சு மொழியிலேயே எழுதினார். பாமா என்பதே புனைபெயர். ஆனால் அதைவிட உண்மையான புத்தகம் தமிழில் எத்தனை இருக்கிறது? முதலில் ஊரார் கோபித்தார்கள். சில மாதங்கள் அவரால் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு அதே மக்கள் அதைத் தங்கள் புத்தகமாக ஏற்றுக்கொண்டார்கள். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் 2002-இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு தன்வரலாற்று நூல்கள்! இப்படிப்பட்ட மாவட்டம் நம்முடையது.

சரி, பால்புதுமையரின் கதை எங்கே?

கரிசல் இலக்கியத்தில் நாங்கள் இருக்கிறோம். இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கோமதி' என்ற சிறுகதையை எழுதினார். சமையல் வேலை செய்துகொண்டு, பெண்களோடு பெண்ணாகப் பழகி, ஓர் ஆணின் அன்புக்கு ஏங்கும் ஒரு மனிதர் அதில் வருகிறார். கி.ரா. அவரைப் பரிவோடுதான் எழுதினார். 1990-களில் சு. சமுத்திரம் 'வாடாமல்லி' நாவலை எழுதியபோது, ஆனந்த விகடன் வழியாக ஒரு திருநங்கையின் வாழ்க்கை நடுத்தர வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. இரண்டு பேருக்கும் நான் கடன்பட்டவன். ஆனாலும் அவை நம்மைப் பார்த்து இன்னொருவர் எழுதியவை. அடுத்தவர் எவ்வளவு அன்போடு எழுதினாலும், ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு நாம் என்ன நினைத்தோம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அதை நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ரேவதி எழுதினார். அவர் எழுதிய வரிசையைக் கவனியுங்கள். முதலில் 'உணர்வும் உருவமும்'. அதில் மற்ற திருநங்கைகளின் வாழ்க்கைகளைக் கேட்டுத் தொகுத்தார். அதற்குப் பிறகுதான் தன் கதைக்கு வந்தார். அந்தக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2010-இல் வெளிவந்தது. தமிழ்ப் புத்தகமான 'வெள்ளை மொழி' 2011-இல் வந்தது. தமிழில் எழுதிய ஒரு வாழ்க்கை, தமிழ் வாசகரிடம் வந்து சேர்வதற்கு முன்னால் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது! 2019-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு ரேவதியின் பெயரையும் எழுதித் தொங்கவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான். கூடவே ஒரு வருத்தமும். நம் பள்ளிக்கூட நூலகங்களில் அந்தப் பெயர் இருக்கிறதா?

2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' வந்தது. மொழியியலில் முதுகலை படித்த ஒருவர், புனேயில் ரயிலில் கைதட்டிக் காசு கேட்க வேண்டிய நிலையை அதில் எழுதினார். அதே ஆண்டு பிரியா பாபுவின் 'நான் சரவணன் அல்ல' வந்தது. 2018-இல் கிரீஷின் 'விடுபட்டவை' வந்தது. இன்னும் சில பெயர்களும் உண்டு. ஆனால் எண்ணிப் பாருங்கள், கோடிக்கணக்கானவர்கள் பேசும் ஒரு மொழியில் இது போதுமா? திருநங்கையர் முன்னால் நின்று அடி வாங்கி, அவமானப்பட்டு, பிறகு எழுதியும் காட்டினார்கள். ஆண்களை நேசிக்கும் ஆண்களும், பெண்களை நேசிக்கும் பெண்களும் அவர்களுக்குப் பின்னால் வெகுகாலம் ஒளிந்து நின்றோம். இதை நான் வலியோடு சொல்கிறேன்.

ஏன் ஒளிந்தோம்? பயம். பயத்துக்குக் காரணம் இல்லையா? இருந்தது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 377-ஆவது பிரிவு இருந்தது. எங்கள் உறவைக் குற்றமாக்கி, ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்றது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் கதவைத் திறந்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி சாத்தியது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதிதான் அதே உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் சம்மதத்தோடு நேசிப்பது குற்றமல்ல என்று சொன்னது. அதுவரை ஓர் ஆண் தன் காதலை ஒளிக்காமல் எழுதினால் அது என்ன? ஒப்புதல் வாக்குமூலம். தன் கையெழுத்தில் தானே எழுதிய சாட்சியம். இலக்கியம் எழுத உட்கார்ந்தவன் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தான். நம் தலைமுறையின் டைரிகள் ஏன் வெறுமையாகக் கிடந்தன என்று கேட்கும் இளைஞர்களே, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பேசும்போது ஒரு தீர்ப்பை மறக்கக் கூடாது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள். ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். வீட்டில் எதிர்ப்பு. சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயத்தில் எனக்குள்ளும் சமூகத்தின் பழைய எண்ணங்கள் இருக்கின்றன, முதலில் நான் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானே போய் உட்கார்ந்தார். பிறகு 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவு எழுதினார். போலீஸ் தொந்தரவு கூடாது, மனதை மாற்றுகிறேன் என்று சொல்லும் வைத்தியம் கூடாது என்றார். தன்னைப் பற்றியும் அந்த உத்தரவில் ஒளிக்காமல் எழுதினார். ஒரு நீதிபதி தன்வரலாறு எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கங்களின் பலமே அந்த நேர்மைதான். அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் அவ்வளவு எழுத முடிந்தால், வாழ்ந்து பார்த்த நாம் எவ்வளவு எழுத வேண்டும்!

இப்போது என் டைரிக்கு வருகிறேன்.

இளம் வயதில் நான் பைண்டிங்கில் வேலை பார்த்தேன். பக்கம் மாறி அச்சான டைரிகள், அட்டை கோணலாக ஒட்டிய டைரிகள் எங்களுக்குக் கிடைக்கும். அதில்தான் எழுதினேன். அச்சுப் பிரிவில் ஒருவன் இருந்தான். அவனை நான் நேசித்தேன். ஆனால் டைரியை அம்மா பார்த்துவிட்டால்? தம்பி பார்த்துவிட்டால்? அதனால் அவனை ஒரு பெண்ணாக மாற்றி எழுதினேன். ஒரு வாக்கியம் தவறாமல் வினைமுற்று ஒவ்வொன்றையும் மாற்றினேன். சட்டையைத் தாவணி ஆக்கினேன். பம்பைத் தலைமுடியைப் பின்னல் ஆக்கினேன். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட இருவரும் ஒரே சைக்கிளில் போய்வந்ததை, பங்குனிப் பொங்கலுக்கு அவள் குடும்பத்தோடு வந்தபோது தூரத்திலிருந்து பார்த்ததாக எழுதினேன்.

வருஷங்கள் போயின. பயம் குறைந்தது. உண்மையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். என்ன நடந்தது தெரியுமா? அந்தத் தாவணியின் நிறம் நினைவுக்கு வந்தது. இல்லாத தாவணி! மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. அவனுடைய முகம் வரவில்லை. நான் எழுதிவைத்த பொய், நான் வாழ்ந்த உண்மையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பயம் நம் வாயை மட்டும் அடைப்பதில்லை, நண்பர்களே. அது நம் நினைவுக்குள் புகுந்து சாமான்களை இடம் மாற்றிவைத்துவிடுகிறது. நமக்கே நாம் சாட்சி சொல்ல முடியாமல் செய்துவிடுகிறது.

அவனை எப்படி மீட்டேன்? காதலை நினைத்து உருகினேனே, அப்போதெல்லாம் தாவணிதான் வந்தது. பிறகு வேறு வழியில் போனேன். அச்சகத்தை நினைத்தேன். எந்த மிஷின் எந்தச் சுவரோரம் நின்றது? மை துடைக்கும் பழைய துணி எங்கே கிடக்கும்? மண்ணெண்ணெய் வாடை எந்தப் பக்கம் அடிக்கும்? ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் முடிக்க வேண்டும் என்று ராத்திரி ஷிப்டு ஓடுமே, டீ வாங்கப் போவது யார்? கேட்டுக்கொண்டே போனேன். டீத் தூக்கோடு அவன் உள்ளே வந்தான். மை ஒட்டாமல் இருக்கச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தான். இடது கை மடிப்பு மட்டும் எப்போதும் இறங்கிவிடும். அதை ஏற்றிவிடச் சொல்லி என் முன்னால் கையை நீட்டுவான். அவ்வளவுதான். முகமும் வந்துவிட்டது.

ஆகவே எழுத நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஊரோடு சேர்த்து எழுதுங்கள்.

நம்மிடம் கதை கேட்க வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? எப்போது தெரிந்தது? வீட்டில் அடித்தார்களா? ஆபரேஷன் ஆயிற்றா? சாக நினைத்தீர்களா? கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. நம் காயத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாமும் காயத்தை மட்டும் எழுதிக் கொடுக்கப் பழகிவிட்டோம். ஆனால் தீப்பெட்டி ஆபீசில் அம்மா எத்தனை கட்டை அடுக்கினால் வீட்டில் உலை கொதிக்கும்? தீபாவளி முடிந்து பட்டாசு ஆபீஸ்கள் மூடிக்கிடக்கும் நாட்களில் உங்கள் தெருவில் வட்டிக்காரர் எந்த நேரத்துக்கு வருவார்? அலுமினியப் பொடி அப்பிய கையை அக்கா எதை வைத்துத் தேய்த்துக் கழுவினாள்? அந்தக் கையால்தானே உங்களை அடித்தாள், அந்தக் கையால்தானே சோறும் போட்டாள்? உங்களை வீட்டைவிட்டுத் துரத்தியது உங்கள் காதல் மட்டும்தானா, அல்லது அந்த வருஷம் இருந்த கடனும், சாதிக்காரர்கள் முன் போகும் மானமும், கல்யாணமாகாத தங்கையும் சேர்ந்தா? இதையெல்லாம் எழுதும்போதுதான் அம்மா ஒரு வில்லி என்ற இடத்திலிருந்து ஒரு மனுஷி என்ற இடத்துக்கு வருகிறாள். நீங்களும்தான். கூலி வாங்கிய நாளின் சந்தோஷம், தோழிகளோடு இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து போனது, முதன்முதலில் பிடித்த துணியைக் கடையில் கேட்டு வாங்கியது, இவையும் உங்கள் வாழ்க்கைதானே? பால்புதுமையராய் இருப்பது நம் வாழ்க்கையின் ஒவ்வொரு நாளிலும் இருக்கிறது. அந்த நாட்களின் மற்ற எல்லாவற்றோடும் கலந்துதான் இருக்கிறது.

இன்னொன்று. உண்மையாக எழுதுவது என்றால் எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் கொட்டுவது என்று பொருளா? இல்லை. நான் சொன்னேனே, அவன், இன்று தாத்தாவாகியிருக்கலாம். அவன் ரகசியம் அவனுடையது. அதனால் அவன் பெயரைச் சொல்லவில்லை, தெருவைச் சொல்லவில்லை. வேறு சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். எதை மாற்றினேன் என்று எனக்குத் தெரியும். தனியாக எழுதியும் வைத்திருக்கிறேன். பயந்து மாற்றியபோது என் நினைவு என்னைவிட்டுப் போயிற்று. அவனைக் காப்பதற்காக, தெரிந்தே மாற்றியபோது அது என்னிடமே இருக்கிறது. 'கருக்கு' புத்தகத்தில் கதைசொல்லிக்குப் பெயரே கிடையாது. அதனால் அதில் ஏதாவது குறைந்துவிட்டதா? உங்கள் வீட்டில் ஆபத்து இருக்கிறதா? புனைபெயரில் எழுதுங்கள். இன்னும் ஆபத்தா? எழுதிப் பூட்டி வையுங்கள். நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். உயிரோடு இருங்கள், பிறகு எழுதுங்கள். ஆனால் பூட்டிவைக்கும் பிரதியில் பொய் எழுதாதீர்கள். அந்த ஒரு பிரதி உங்களுக்காக இருக்கட்டும்.

பெற்றோராக இங்கே வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் நோட்டு கையில் கிடைத்தால் திறக்காமல் வைத்துவிடுங்கள். அவர்களாகக் கொண்டுவந்து கொடுத்தால் கடைசிப் பக்கம் வரைக்கும் படியுங்கள். பாதியில் கோபம் வரும். வந்தாலும் படியுங்கள். உங்களைப் பற்றி நல்லதாக ஒரு பக்கம் எங்காவது இருக்கும். பாதியில் நிறுத்தினால் அது உங்களுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

நூலகத்தில் 'கருக்கு', 'வெள்ளை மொழி', 'நான் வித்யா' மூன்றையும் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எழுதத் தொடங்கியவர்கள் யாராவது ஒரு பக்கத்தை வாசித்துக் காட்ட விரும்பினால், கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் இருப்பேன். சத்தமாக வாசிக்கத் தயக்கமாக இருந்தால் என் கையில் கொடுங்கள், படித்துவிட்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறேன்.